தரை சூடாக இருந்தது

1978 நவம்பர் 14, செவ்வாய்.
இன்றைய தவறு: காலையில் அடுப்பில் கரிக்கட்டி மாற்றாமல் வேலைக்கு ஓடிவிட்டேன். சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு முடிந்து வரும்போது அறை உறைந்து கிடக்கும் என்று நினைத்தேன். தரை சூடாக இருந்தது. பக்கத்து அறை தொக்சுன் அக்கா மாற்றி வைத்திருக்க வேண்டும்.
நாளைய வேலை: அக்காவுக்கு நன்றி சொல்வது. இரண்டு கமலா ஆரஞ்சு வாங்கிக் கொடுப்பது.

மல்சூன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுதியதை மூன்று முறை படித்தாள். 'சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை' என்பதே ஒரு சாக்கு மாதிரி இருந்தது. அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். விட்டுவிட்டாள்.

தேதி, ஒரு தவறு, மறுநாள் செய்ய வேண்டிய ஒரு வேலை. மாதா கோயிலின் நிலவறையில் நடக்கும் மாலை வகுப்பில் யோம் சார் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. "ஒரு நாளைக்கு ஒரு தவறு போதும். ரெண்டு எழுதினா அது பெருமையடிக்கிறது" என்பார். அவரே கல்லூரி மாணவர்தான், இருபத்துமூன்று வயது இருக்கும். ஆனாலும் விக் தொழிற்சாலைப் பெண்கள் எல்லாருக்கும் அவர் சார். போன வியாழக்கிழமை உளவுத்துறை ஆட்கள் அவரை மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலையில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் உண்டு. சியோலில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'மலை' என்பார்கள், குரலைத் தாழ்த்தி, நோயின் பெயரைச் சொல்வதுபோல.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். தேன்கூடு மாதிரி இருபது அறைகள் அடுக்கிய வீடு அது. ஓர் ஆள் கால் நீட்டும் அறை, அதன் முன்னால் ஓர் ஆள் குந்தி உட்காரும் சமையலிடம், அங்கே தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அடுப்புக் குழி. குழியில் எரியும் கரிக்கட்டியின் சூடு அறைத்தரைக்கு அடியில் ஓடும் வழியாகப் பரவி எண்ணெய்க்காகிதம் ஒட்டிய தரையை மெல்ல மெல்லச் சூடாக்கும். அந்தச் சூட்டில் முதுகைப் பதித்தபடி, காகிதத்தின் மங்கலான எண்ணெய் வாசனையை முகர்ந்துகொண்டு, நடைவழியின் கோடியில் யாரோ துணி அலசும் சத்தத்தையும், எங்கோ ஒரு ரேடியோ தேசிய கீதத்துக்குத் தொண்டையைச் செருமிக்கொள்வதையும் கேட்டுக்கொண்டு கிடந்தபோது, அவளுக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். புதுக் கட்டி பற்றித் தரை இந்த அளவு சூடேற மூன்று மணி நேரம் ஆகும். அவள் வந்தது பத்து மணிக்கு. அப்படியானால் ஏழு மணிக்கு மாற்றியிருக்க வேண்டும். தொக்சுன் அக்காவுக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட். ஏழு மணிக்கு அவள் விக் மேசையில் உட்கார்ந்திருப்பாள்.

நான்தான் தப்பாகக் கணக்குப் போடுகிறேன் என்று புரண்டு படுத்தாள்.

*

காலையில் முற்றத்துக் குழாயடியில் தொக்சுன் அக்கா பல் விளக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது, தொழிற்சாலையிலேயே அதிகச் சத்தம் போட்டுச் சிரிப்பவள்.

"ஆரஞ்சா? எனக்கா? என்னடி, மாப்பிள்ள பாத்திருக்கியா?"

"நேத்து என் அடுப்புக்குக் கட்டி மாத்தி வெச்சீங்கல்ல, அதுக்குதான்க்கா."

"நானா? நான் ஆறு மணிக்கே போயிட்டேன். என் அடுப்பே செத்துக் கெடக்கு. உன் அடுப்ப எதுக்குடி நான் தாலாட்டணும்?"

"என் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. அதோ ஆணில தொங்குது. தூசி தட்டி மூணு மாசமாச்சு." அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு முகவாயால் வீட்டுக்காரம்மாவின் ஜன்னலைக் காட்டினாள். "அந்தம்மா மாத்தியிருக்கும். ஒம்பது மணிக்கு நடைவழி பல்ப அணைக்கிற புண்ணியவதி. ஒனக்குக் குளிரும்னு ராத்திரி தூக்கமே வந்திருக்காது."

இருவரும் சிரித்தார்கள். அக்கா பழத்தைத் திருப்பித் தரவில்லை. "செய்யாத வேலைக்குக் கூலி. என் ஆயுசுலயே இதான் மொத தடவ" என்று உரிக்க ஆரம்பித்தாள்.

மல்சூன் சிரிப்போடேயே சமையலிடத்துக்குத் திரும்பிக் குனிந்து கரிக்கட்டிகளை எண்ணினாள். சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றும் கருத்த உருளை, மேலிருந்து கீழ்வரை இருபத்திரண்டு துளைகள். நேற்றுக் காலை ஒன்பது இருந்தன. இப்போது எட்டு. இவளுடைய அடுக்கிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

சிரிப்பு நின்றது. நடைவழியில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு மண்டியிட்டாள். எட்டுக் கட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, அடியில் இருந்ததைத் திருப்பி, ஓரத்திலிருந்து மூன்றாவது துளையில் சுண்டுவிரலை விட்டாள்.

காகிதம் இருந்தது.

சுருட்டிய ஒரே தாள். முப்பத்தொரு பெண்களின் பெயர், சொந்த ஊர், கட்டைவிரல் ரேகை. செப்டம்பரில் முடி உலர்த்தும் கூடத்தில் தீப்பிடித்தபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது; மேஸ்திரி சாவியைத் தேடி முடிப்பதற்குள் இரண்டு பேருக்குக் கை வெந்துவிட்டது. இரவு ஷிஃப்டில் கதவைப் பூட்டாதீர்கள் என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு. யோம் சார் வாசகம் எழுதித் தந்தார். பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு மல்சூனுடையது, ஏனென்றால் வகுப்பிலேயே அவள்தான் எதையும் தொலைக்காதவள். சனிக்கிழமை காலை அலுவலகம் திறந்திருக்கும். அன்று அவளுக்கு வேலை மதியம்தான். அதுவரை காக்க வேண்டும். தவறான கையில் போனால் முப்பத்தொரு வீட்டுக் கதவும் தட்டப்படும்.

உடம்பில் வைத்துக்கொள்ள வழியில்லை. விக் தொழிற்சாலை வாசலில் முடி திருடுகிறார்களா என்று பார்க்க, வரும்போதும் போகும்போதும் தலையைப் பிரித்துவிடுவார்கள், உள்பாவாடைவரை தடவுவார்கள். அறையில் வைக்கவும் இடமில்லை. கரிக்கட்டியைத்தான் யாரும் நோண்ட மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். அதை எடுத்து எரிப்பவன் ஒருவன் வருவான் என்று யார் நினைத்தது?

புதிதாகக் கட்டி வாங்கி மேலே அடுக்கலாம். ஆனால் அவள் எப்போதும் மாதக் கடைசியில்தான் வாங்குவாள். ஒழுங்கு மாறினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பழையபடி அடுக்கினாள். மேலே இருந்ததை எடுத்து அடுப்பில் வைத்து, துளைக்கு நேர் துளை வருமாறு திருப்பினாள். அப்போதுதான் கவனித்தாள். நேற்று வைக்கப்பட்ட கட்டியும் துளைக்கு நேர் துளையாக, மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

*

அன்று மாலை, யோம் சார் இல்லாமலே நடக்கும் வகுப்புக்குக் கிளம்பும்முன் ஒரு காரியம் செய்தாள். கைப்பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஒற்றை முடியை எடுத்து, குறிப்பேட்டின் அட்டைமேல் குறுக்காகக் கிடத்தினாள். பென்சில் மழுங்கிக் கிடந்தது. அதை அப்படியே பக்கத்தில் வைத்தாள்.

திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. தரை சூடாக இருந்தது. கட்டிகள் ஆறு.

குறிப்பேடு இருந்த இடத்திலேயே இருந்தது. முடியும் அட்டைமேல்தான் இருந்தது. தொட்டுவிட வேண்டாம் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். முடியின் நடுவில் ஒரு முடிச்சு. வலையில் கொக்கி ஊசியை விட்டு இழுத்துப் போடும் ஒற்றை முடிச்சு. நாளைக்கு நாலாயிரம் தடவை அவள் கை போடுவது. விக் மேசையில் உட்கார்ந்த பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் அது லேசில் வராது.

பென்சில் சீவியிருந்தது. ஊசி மாதிரி. சீவிய தூள் ஒரு துணுக்குகூடத் தரையில் இல்லை.

நவம்பர் 15-க்கான பக்கத்தை எடுத்தாள். இன்றைய தவறு என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூர்மையான முனையால் எழுதவே கூசியது. கடைசியில், 'மேசையில் மூன்று முடிச்சுகள் தளர்ந்துபோயின' என்று எழுதினாள். அது உண்மையும்கூட.

*

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரம்மா முற்றத்தில் குளிர்கால ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் பிளந்து உப்பில் புரட்டிக்கொண்டிருந்தாள். கை முழங்கைவரை சிவந்திருந்தது.

"அம்மா, என் அறைச் சாவியை யாராவது கேட்டாங்களா?"

கத்தி நின்றது. பிறகு அடுத்த முட்டைக்கோசைப் பிளந்தது.

"வாடகை ஒழுங்காக் குடுக்கிற பொண்ணு நீ."

"அதில்லம்மா. யாரோ சாயங்காலம் வந்து..."

"அறை சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதோட விட்டுடு. ஊர்ல பாதிப் பேரு சில்லுனு படுக்கிறான்." அவள் நிமிரவே இல்லை. குரல் மட்டும் இறங்கியது. "எனக்கு மூணு பசங்க, மல்சூன். நான் எதையும் பாக்கல. நீயும் எங்கிட்ட எதையும் கேக்கல."

சுவரில் ஒற்றர்களைக் கண்டால் தகவல் கொடுக்கச் சொல்லும் சுவரொட்டி ஒட்டியிருந்தது. உப்புத்தண்ணீர் தெறித்து அதன் ஓரம் சுருண்டிருந்தது. யாரைப் பற்றித் தகவல் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று மல்சூன் ஒரு கணம் நின்று அதைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பே பயமாக இருந்தது.

அன்று இரவு கதவைத் திறந்ததும் முதலில் வாசனை வந்தது. பாச்சா உருண்டை வாசனை. பெட்டியிலிருந்து எடுத்த குளிர்காலக் கோட்டின் வாசனை. அதனடியில் தலைக்குத் தடவும் இனிப்பான களிம்பு. அறையில் காலையில் மடித்து வைத்திருந்த மெத்தை விரித்துக் கிடந்தது, தரை நன்றாகச் சூடேறும் பக்கமாக. போர்வையின் ஒரு மூலை, படுப்பவருக்கு வசதியாக, மடக்கி விடப்பட்டிருந்தது. தலையணையில் நடுவே ஒரு பள்ளம். யாரோ தலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

கட்டிகள் நான்கு.

மெத்தையில் படுக்கவில்லை. சூடு எட்டாத மூலையில், வெறும் தரையில், கோட்டோடு சுருண்டுகொண்டாள். பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். தாள் போனாலும் பெயர்கள் போகக் கூடாது. முப்பத்தொன்றையும், ஊரோடு, வரிசையாக. இரண்டாம் தடவை சொல்லும்போது கண் சொருகியது.

யாரோ கன்னத்தில் அறைந்தார்கள்.

"மூச்சு விடுடி! மூச்சு விடு, கழுத!"

விடியற்காலை. தொக்சுன் அக்கா அவளைக் கக்கத்தில் கைகொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள். மண்டைக்குள் யாரோ கோடரி போட்டதுபோல் வலி. அக்கா ஒரு கிண்ணத்தை வாயில் சாய்த்தாள். முள்ளங்கி ஊறிய தண்ணீர், பனிக்கட்டி மிதந்தது. கரிப்புகை அடித்தவர்களுக்கு எல்லாரும் கொடுப்பது.

"அடுப்பு மூடி ஒரு விரக்கடை தள்ளியிருந்துச்சு. கதவுக்கடில துணி அடைச்சு வெச்சிருக்க. பைத்தியமா நீ?"

"நான் அடைக்கலக்கா."

அக்கா சிரிக்கவில்லை. முதல் தடவையாக.

அந்தத் துணியை மல்சூன் பார்த்தாள். அவளுடைய துண்டுதான். நாலாய் மடித்து, விளிம்புக்கு விளிம்பு சரியாக. வெளிப்பக்கத்திலிருந்து செருகியிருந்தது.

குளிர்ந்த மண்ணில் உட்கார்ந்தபடி அக்காவின் விரல்களைப் பார்த்தாள். விக் மேசைப் பெண்ணின் விரல்கள். ஒற்றை முடிச்சுப் போடத் தெரிந்தவை. ஆணியில் சாவி தொங்குகிறது. எல்லாம் பொருந்தியது. அவளுடைய கணக்குப்பிள்ளை மூளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்தது. இரவு ஷிஃப்ட் என்பதை யார் சரிபார்த்தது? மனுவில் ரேகை வைக்கும்போது அக்கா ஏன் அவ்வளவு சிரித்தாள்?

அந்த முடிச்சு ஏன் போடப்பட்டது?

நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறைக்க வேண்டிய முடிச்சை எவளும் அட்டைமேல் போட்டு வைக்க மாட்டாள். தன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே போட்டிருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக. இருபது அறையிலும் இருபது பேர் ஒருத்தியை ஒருத்தி சந்தேகித்துக்கொண்டு கிடந்தால் மலையிலிருந்து ஆள் அனுப்பவே தேவையில்லை.

தப்பாகவும் இருக்கலாம். அவள் கணக்கு பல தடவை தப்பியிருக்கிறது. தப்பாக இருந்தால் முப்பத்தொரு பேர்.

"அக்கா," என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். எந்தத் துளை என்பதுவரை.

அக்கா மீதியிருந்த முள்ளங்கித் தண்ணீரைத் தானே குடித்தாள். "ஏன்டி, எங்கிட்டப் போய் சொல்ற? நான் ஓட்டைவாய்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும்."

"சரி. என்ன செய்யணும்?"

*

வயிற்றுவலி என்று சொல்லி வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கே மல்சூன் திரும்பிவிட்டாள். வகுப்புக்குப் போகவில்லை. அவள் உள்ளே உட்கார்ந்ததும் அக்கா வெளியே பூட்டுப் போட்டாள், வழக்கம்போல ஆள் இல்லாத அறையாகத் தெரியும்படி.

"காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு முந்நூறு பேரு இந்தச் சந்துல வருவோம்," என்றாள் கதவிடுக்கில். "கூட்டத்துல கலந்துக்கோ. சந்து முனைல எத்தன பேரு நின்னாலும் முந்நூறு பேரப் பிரிச்சுப் பாக்க முடியாது. ஆபீஸ் வரைக்கும் நானும் வரேன். தூங்கித் தொலைக்காத."

அவள் காலடிச் சத்தம் போனது.

அறைக்கும் சமையலிடத்துக்கும் நடுவில் காகிதம் ஒட்டிய இழுவைக் கதவு ஒன்றுதான். விளக்கு இல்லாமல் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நடைவழி பல்பின் மஞ்சள் ஒளி வெளிக்கதவின் கண்ணாடி வழியே வந்து காகிதத்தில் அழுக்குக் கறையாகப் படிந்திருந்தது; எங்கோ மீன் வறுபடும் வாசனை, ஒரு குழந்தை இருமுவது, கூரைத் தகரத்தில் மெத்தென்று ஏதோ விழத் தொடங்குவது எல்லாம் வந்துகொண்டிருந்தன. பனி. இந்த வருஷத்தின் முதல் பனி.

ஏழு மணி.

சாவி திரும்பியது. தேடவில்லை, தடுமாறவில்லை.

பாச்சா உருண்டை வாசனை.

காகிதத்தில் ஒரு நிழல் எழுந்தது. தொப்பி. தோள்கள். குந்தி உட்கார்ந்தது. இரும்பு மூடியை அகற்றும் சத்தம். இடுக்கி. எரிந்து முடிந்த கட்டி வெளியே வந்தது. புதுக் கட்டி உள்ளே போனது. கரகரவென்று திருப்புவது கேட்டது, துளைக்கு நேர் துளை வரும்வரை. நிழல் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டது.

"இன்னிக்கு வகுப்பு இல்லையா, தங்கச்சி?"

அவள் குறிப்பேட்டை மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"வயிறு எப்படி இருக்கு?" மென்மையான குரல். தபால்காரர் மாதிரி. "பயப்படாதீங்க. உங்க எழுத்து எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தேதி தவறல, வரிசை தவறல. எங்க பசங்களுக்கு இப்படி அறிக்கை எழுத வராது."

பனி தகரத்தில் விழுந்தது.

"உங்க சாரும் அப்படித்தான். வரிசையா எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

வார்த்தை வந்தது. வந்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"எல்லாத்தையும் சொல்லியிருந்தா நீங்க எதுக்கு என் அடுப்ப ஊதிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

நிழல் இடுக்கியைக் கீழே வைத்தது.

பிறகு சிரித்தது. சத்தமில்லாமல். தோள்கள் மட்டும் குலுங்கின.

"ரெண்டு கட்டிதான் மிச்சம்," என்றது. "காலைல ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. ஒரு பேரு சொன்னாக்கூடப் போதும், தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு. புதுசா இருவது கட்டி இறக்கிடுவேன்."

"எழுதிக்கோங்க. மல்சூன். ம, ல், சூ, ன். ஊர் உங்களுக்கே தெரியும்."

இழுவைக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. உறை போட்ட கை ஒன்று எதையோ தரையில் வைத்து உள்ளே தள்ளியது. கதவு மூடியது. மூடிய விதத்தில் அத்தனை மரியாதை இருந்தது.

காலடிகள் போயின. இந்தத் தடவை பூட்டும் சத்தம் கேட்கவில்லை.

*

அது ஒரு குறிப்பேடு. அவளுடையதேபோல. அட்டையில் அதே சோயா எண்ணெய்க் கறை, அதே மூலை மடிப்பு. தன்னுடையது மடியில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

விளக்கைப் போட்டுத் திறந்தாள். மார்ச் மாதம் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு தவறும், ஒவ்வொரு வேலையும், அவள் கையெழுத்தில். சாய்வு, இடைவெளி, அழுத்திய இடம். எழுதியது தான்தானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. தன்னையே சந்தேகிப்பது அவளுக்குப் பழக்கம். பக்கங்களைத் திருப்பினாள். நேற்று. இன்று, வயிற்றுவலி என்று மேஸ்திரியிடம் பொய் சொன்னது இருந்தது. அதை அவள் இன்னும் எழுதவே இல்லை.

அடுத்த பக்கம்.

நவம்பர் 18, சனி. இன்றைய தவறு: அடுப்பு மூடியைச் சரியாகப் பார்க்காமல் தூங்கிவிட்டேன்.

நாளைய வேலை என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்குப் பின் எல்லாப் பக்கமும் வெள்ளை.

அந்த வரியை மறுபடி படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது ஒன்று தட்டுப்பட்டது. தூங்கியே போனவள் காலையில் எழுந்து இதை எப்படி எழுதுவாள்?

அவர்களும் தவறு செய்கிறார்கள்.

ஊசியாகச் சீவிய பென்சிலை எடுத்து அந்த வரியின் கீழ் கோடு போட்டாள். யோம் சார் போடுவதுபோல ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. பென்சில் முனை முறிந்தது. நல்லது.

பிறகு வரிசையாகச் செய்தாள். சமையலிடத்தில் கட்டிகள் இரண்டு இருந்தன. அடிக்கட்டியின் மூன்றாவது துளை. காகிதம் இருந்தது. ஈரமில்லை, கிழிசலில்லை. பின்னலைப் பிரித்து, சுருட்டிய தாளை நடுவில் வைத்து, மூன்று புரியாக இறுக்கிப் பின்னினாள். மனுவைக் கொடுக்கும்வரை தொழிற்சாலை வாசலைத் தாண்டப்போவதில்லை. தலையைப் பிரிக்க யாருமில்லை. இடுக்கியால் அடுப்பில் மேலும் கீழுமாக எரிந்துகொண்டிருந்த இரண்டு கட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி முற்றத்துப் பனியில் போட்டாள். சீறிக்கொண்டு ஆவி எழுந்து, கரி கருத்து, அடங்கியது. ஒரு வாளித் தண்ணீரை அடுப்புக் குழியில் கொட்டினாள். குழியில் தண்ணீர் தேங்கி நின்றது.

தீ இல்லாத இடத்தில் புகை இல்லை. தாழ்ப்பாள் போட்டாள். தலைமாட்டுச் சின்ன ஜன்னலை முழுவதும் திறந்தாள். சந்து முனையில் இரண்டு சிகரெட் நெருப்புகள், அசையாமல். குளிரில் பல் கிட்டியது. குளிர் நல்லது. தூக்கம் வராது.

மல்சூன் தரையில் உட்கார்ந்து குறிப்பேட்டை மடியில் விரித்தாள். தன்னுடையதை.

கால் கட்டைவிரலில்தான் முதலில் தெரிந்தது.

மிச்சச் சூடு என்று நினைத்தாள். உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தாள். மிச்சச் சூடு குறைந்துகொண்டு போகும். நூறுவரை எண்ணினாள்.

கூடியது.

எழுந்து இழுவைக் கதவைத் திறந்தாள். சமையலிடத்தில் யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடி. குழியில் தண்ணீர் கறுப்பாக, சலனமில்லாமல். கழற்றி வைத்த மூடி, வைத்த இடத்தில்.

பின்னால் எண்ணெய்க்காகிதத்தின் வாசனை எழுந்தது. சூடேறும்போது மட்டும் எழும் வாசனை.

தரை சூடாகிக்கொண்டிருந்தது. அறை முழுக்க. சூடே எட்டாத அந்த மூலையும்.

காலுக்கு அடியில், வெகு அருகில், இரும்பில் இடுக்கி தட்டும் சத்தம். ஒரு தடவை. பிறகு கரகரவென்று திருப்பும் சத்தம். துளைக்கு நேர் துளை வரும்வரை.

அவள் கத்தவில்லை. போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். பின்னலில் பனி விழுந்தது. தூங்காமல் இருக்க முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள், உதட்டுக்குள்ளேயே, ஊரோடு. சந்து முனையில் ஒரு நெருப்பு அணைந்தது. முப்பத்தொன்று முடிந்ததும் ஜன்னல் கட்டையில் குறிப்பேட்டை வைத்து, முறிந்த பென்சிலால் எழுதினாள்.

நவம்பர் 17, வெள்ளி.
இன்றைய தவறு: யார் என்று தெரியாமல் நன்றி எழுதினேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.
தரை சூடாக இருக்கிறது. விழித்திருக்கிறேன்.
நாளைய வேலை: ஆறு மணிக்கு ஷிஃப்ட் கூட்டத்தோடு தொக்சுன் அக்காவுடன் கிளம்புவது. ஒன்பது மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுவைக் கொடுப்பது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட சீட்டு வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராமல் இருப்பது.